முதல் சிரிப்பு என்னுடையது

தேநீரில் சர்க்கரை போதவில்லை என்றால் சொல்லுங்கள். மனைவி வெளியே போயிருக்கும்போது நான்தான் போடுவேன். எனக்கு எப்போதும் ஒரு கரண்டி குறைவாகத்தான் கை போகும். அவள் தையற்கடைக்குப் போயிருக்கிறாள். குழுவின் பொன்விழா மேடையில் ஏறுவதற்காகத் தைக்கக் கொடுத்த ரவிக்கை தோளில் பிடிக்கிறதாம். தையற்காரரிடம் நியாயம் கேட்டு, அவர் பிள்ளைகளை விசாரித்து, அவள் திரும்பி வர நேரமாகும். நாம் நிதானமாகப் பேசலாம்.

நம் குழுவின் வரலாற்றை எழுதப்போவதாக நீங்கள் தொலைபேசியில் சொன்னபோதே எனக்கு மனம் உள்ளுக்குள் குதித்தது. படிப்பும் பார்த்துக்கொண்டு, மேடையிலும் நடித்துக்கொண்டு, இதற்கும் நேரம் ஒதுக்குகிறீர்களே. நீங்கள் கேட்டதும் ஒரே கேள்விதான்: நாடகம் முடிந்ததும் நடித்தவர்கள் எல்லோரும் வரிசையாக நின்று இடது காதைப் பிடித்துக்கொள்கிறார்களே, அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? நல்ல கேள்வி. இத்தனை வருடங்களில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

முதலிலிருந்து வந்தால்தான் விளங்கும்.

குழுவுக்கு 'மூன்றுகால் பெஞ்சு' என்று பெயர் வைத்தவன் நான். அந்தப் பெஞ்சு வேதியியல் வகுப்பின் கடைசி வரிசையில் கிடந்தது. ஒரு முனையில் ஒரு கால் கிடையாது. மறுமுனையில் கனத்த ஆள் உட்கார்ந்தால் நிற்கும். அந்தக் கனத்த ஆளைத் தூண் என்று கூப்பிடுவோம். இப்போது பெரிய மருந்துக் கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றுவிட்டான். ஆனால் எங்களுக்கு அவன் தூண்தான். ஒருநாள் பேராசிரியர் தூணைப் பார்த்துக் கேள்வி கேட்டார். அவன் மரியாதைக்கு எழுந்து நின்றான். நாங்கள் மிச்சப் பேர் ஒருவர் மேல் ஒருவராகச் சரிந்து, தரையில் ஒரு மூட்டையாகக் கிடந்தோம். வகுப்பே உருண்டது. அடுத்த வாரம் பேராசிரியர் வந்ததும் வராததுமாகத் தூணைப் பார்த்துத்தான் கேள்வி கேட்டார். பதில் வேண்டும் என்பதற்காக அல்ல என்பது அவர் மீசை துடித்ததிலேயே தெரிந்தது.

மூட்டைக்கு அடியில் கிடந்தபோதுதான் எனக்குத் தோன்றியது, இதை மேடையில் போடலாமே என்று. அப்படிப் பிறந்ததுதான் உங்கள் குழு.

முதல் நாடகத்தில் கதாநாயகன் நான்தான். கலையரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசை நடுவில் துணைவேந்தர். அவரைப் பற்றி நீங்கள் தனியாக ஒரு பக்கம் எழுத வேண்டும். சிரிப்பதற்கு மேலிடத்து அனுமதி வர வேண்டும் என்று காத்திருப்பவர்போல உட்கார்ந்திருப்பார். அந்த அனுமதி அதுவரை அவருக்கு வந்ததில்லை. அவர் சிரிக்காமல் பேராசிரியர்கள் சிரிக்க மாட்டார்கள். பேராசிரியர்கள் சிரிக்காமல் மாணவர்கள் சிரிக்க மாட்டார்கள். நான் விழுந்தேன், புரண்டேன், தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டேன். மேலே மின்விசிறி சுற்றுகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அன்றைக்கே குழு ஒரு சபதம் எடுத்தது: படிப்பு முடிவதற்குள் துணைவேந்தரைச் சிரிக்க வைப்பது. அதற்காகத்தான் நாங்கள் வாழ்ந்தோம் என்றே சொல்லலாம். தேர்வெல்லாம் நடுநடுவே எழுதிக்கொண்டோம்.

அடுத்த வருடம் என் தம்பி அதே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். மேடையில் ஒரு நாற்காலியைக் கொண்டுபோய் வைக்க ஆள் இல்லை என்று அவனை அனுப்பினேன். அவன் நாற்காலியை வைத்தான். அது சரியாக இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தான். அவ்வளவுதான். பின்வரிசை மாணவர்கள் துணைவேந்தரையே மறந்துவிட்டுச் சிரித்தார்கள். அவன் முகம் அப்படி. இழுத்த பக்கமெல்லாம் போகும். அன்றிலிருந்து அவன் பெயர் ரப்பர். நான் வாளியைக் கவிழ்த்து வாங்க முடியாததை அவன் புருவத்தால் வாங்கினான். எனக்கு வருத்தம் இல்லை. அண்ணனுக்குத் தம்பி மேல் என்ன வருத்தம்?

அப்புறம் பேனா வந்தாள். சட்டம் படித்துக்கொண்டிருந்தாள். கொண்டையில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும். யாராவது எதையாவது சொல்லிவிட்டால் அதை உருவி உள்ளங்கையில் எழுதிக்கொள்வாள். வகுப்புக்குப் போகும்போது அவள் கையைப் பார்த்தால் நாடகம் பாதி தெரிந்துவிடும். ஒத்திகைக்கு வந்த முதல் நாளே, தம்பி கூப்பிடுகிற மாதிரியே அவளும் அண்ணா என்றாள்.

அவள்தான் என்னை மேடையிலிருந்து இறக்கியவள். ஒத்திகையில் தம்பி ஏதோ செய்ய, மற்றவர்கள் சிரிக்கிறார்களே என்று நானும் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து சிரித்தேன். என் சிரிப்பு உங்களுக்குத் தெரியும்; எண்ணெய் போடாத கதவு திறக்கிற மாதிரி தொடங்கி, பழைய மோட்டார் இயங்குகிற மாதிரி முடியும். பேனா எழுதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"அண்ணா, இன்னொரு தடவை சிரிங்க."

சிரித்தேன். அவளும் சிரித்தாள், தூணும் சிரித்தான், வாசலில் பூட்டுச் சாவியோடு நின்ற காவலாளியும் சிரித்தார்.

"நீங்க மேடையில வேணாம். கீழ உட்காருங்க. நீங்க ஆரம்பிச்சு வச்சா துணைவேந்தர் பக்கம் எவனும் திரும்பிப் பாக்கமாட்டான்."

"அண்ணன் சிரிக்கறதுதான் நம்ம நாடகத்துலயே நல்ல காட்சி," என்றான் தம்பி. எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். நானும்.

முதல் சிரிப்பு என்கிற வேலை அப்படித்தான் வந்தது. இன்றைக்கும் உங்கள் குழுவில் அதற்கு ஓர் ஆள் வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டபோது மகிழ்ச்சியாக இருந்தது. ஏழாவது வரிசை, நடைபாதை ஓரம். மேடையிலிருந்து பார்த்தால் நேராகத் தெரிகிற இடம். வேடிக்கை முடிந்த பிறகு சிரிப்பவன் பார்வையாளன். முடிகிற இடத்துக்கு ஒரு மூச்சு முன்னால் தொடங்குபவன்தான் இந்த வேலைக்கு ஆகும். மூக்கால் ஒரு சிரிப்பு, தோளால் ஒரு சிரிப்பு, முன் நாற்காலியின் முதுகைத் தட்டிக்கொண்டு ஒரு சிரிப்பு என்று வகை வகையாக வைத்திருந்தேன். வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகுவேன். அம்மா சமையலறையிலிருந்து, "என்னடா சிரிப்பு, தனியா?" என்பார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அத்தனையும் வேலை. என் தம்பி செய்த எதுவும் எனக்குச் சிரிப்பு மூட்டியதில்லை. அவனை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அந்த முகத்தைப் பல் விளக்கும்போதும் பார்த்திருக்கிறேன். ஊரே ஏன் அதைப் பார்த்து உருள்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை. ஆனாலும் சிரித்தேன்.

இந்த வேலைக்கு இன்னொரு பயனும் இருந்தது. திரைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு மேடையில் நடப்பது தெரியாது. பேனா ஒரு விதி வைத்தாள்: அண்ணன் சிரிப்பு கேட்டால் காட்சி பிடித்துக்கொண்டது என்று பொருள்; செய்துகொண்டிருப்பதை இன்னும் கொஞ்சம் செய். தண்ணீர் ஊற்றுகிறவன் இன்னொரு குவளை ஊற்றுவான். கதவைத் தட்டுகிறவன் இன்னும் பலமாகத் தட்டுவான். என் சிரிப்பு கேட்டால் இன்னொரு கை. அப்படியே அதற்குப் பெயராகிவிட்டது, 'இன்னொரு கை'. அப்போது எங்களை வேறு வேறு கல்லூரிகளுக்குக் கூப்பிட்டார்கள். ஒரு பழைய வேனில், மடியில் அட்டைச் சுவர்களையும் பொய்த் தாடிகளையும் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பாடிக்கொண்டு போவோம். ஒருமுறை வேன் நடுவழியில் நின்றபோது தூண் இறங்கினான். வேன் தானாகக் கிளம்பிவிட்டது. ஒரு மைல் தூரம் சிரித்துவிட்டுத்தான் அவனை ஏற்றிக்கொண்டோம். அந்த நாட்களில் எங்களைப்போல் சந்தோஷமாக இருந்தவர்கள் உலகத்தில் யாரும் இருந்திருக்க முடியாது.

இப்போது காதுக்கு வருகிறேன்.

என் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்து மூச்சிரைப்பு. தூசி பட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும், பேச்சு வராது. விருந்தாளிகள் இருக்கும்போது அப்படி ஆனால் அவனுக்கு வெட்கம். அதனால் அம்மா ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். "மூச்சு முட்டினா பேச வேணாம் கண்ணா. இடது காதைப் பிடிச்சுக்கோ. அண்ணன் பாத்துக்குவான்." அவன் காதைப் பிடிப்பான், நான் எழுந்துபோய் இன்ஹேலரை எடுத்துக்கொடுப்பேன். யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்திலும் இதேதான், விளையாட்டு மைதானத்திலும் இதேதான். அவன் கை காதுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே நான் எழுந்துவிடுவேன் என்று அம்மா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார்.

குழுவில் இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் பல்கலைக்கழக மருத்துவர் மேடையேற விட மாட்டார். பேனாவுக்குத் தெரிந்தால் பரிதாபப்படுவாள். அவள் சிரிப்பதை மட்டும்தான் அவன் பார்க்க விரும்பினான். "நீ கீழ உட்கார்ந்திருக்கல்ல, எனக்கென்ன பயம்?" என்பான். மேடை உடுப்பில் இன்ஹேலரை வைத்தால் துருத்திக்கொண்டு தெரியும் என்று அது எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். அதாவது நான் ஏழாவது வரிசையில் உட்கார்ந்தது சிரிப்பதற்காக மட்டும் இல்லை.

இறுதியாண்டு விழாவுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது தம்பியும் பேனாவும் என்னைக் பல்கலைக்கழக வாசலில் இருந்த டீக்கடைக்கு அழைத்துப்போனார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். விஷயம் எனக்கு ஏற்கெனவே தெரியும். அவள் உள்ளங்கையில் வேடிக்கை வசனங்களோடு அவன் கையெழுத்தும் கலந்திருந்ததைக் கவனித்திருந்தேன்.

"அம்மாகிட்ட நீதான்ணா சொல்லணும்," என்றான். "நீ சொன்னா கேப்பாங்க."

கல்யாணம் முடிந்ததும் வேறு நகரத்துக்குப் போய்த் தொழில்முறையாக நாடகம் போடப்போகிறார்கள். தூணும் உடன் போவதாக இருந்தது. குழுவை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டேன். அவர்கள் அதை யோசிக்கவே இல்லை.

"நீங்களும் வாங்கண்ணா," என்றாள் பேனா. "நீங்க சிரிக்கலன்னா எங்க பொழப்பு ஓடாது."

அன்பாகத்தான் சொன்னாள். நானும் அன்பாகவே எடுத்துக்கொண்டேன். அம்மாவிடம் பேசுவதாக வாக்குக் கொடுத்தேன். டீக்கும் நானே பணம் கொடுத்தேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்தக் குழுவைத் தொடங்கியவன் நான். பேனாவை முதலில் ஒத்திகைக்கு அழைத்து வந்தவனும் நான்தான். நூலகப் படிக்கட்டில் அவளிடம் பேச எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. இதெல்லாம் கணக்கில் வராத விஷயங்கள். சும்மா, வரலாற்றுக்காகச் சொல்கிறேன்.

இறுதியாண்டு விழாவுக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது 'லிஃப்ட்'. உங்களுக்கே தெரியும், குழுவின் மிகப் புகழ்பெற்ற நாடகம். ஓர் அலுவலக லிஃப்ட் நடுவில் நின்றுவிடுகிறது. உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு ஆட்கள். அதில் ஒரு கணக்கர், என் தம்பி, உள்ளே இருக்கிற காற்றை ஆளாளுக்குப் பங்கு பிரிக்கத் தொடங்குகிறான். யார் அதிகம் மூச்சு விடுகிறார்கள் என்று கண்காணிக்கிறான். கொட்டாவி விட்டவனிடம் அபராதம் கேட்கிறான். கடைசியில் எல்லோருக்கும் பங்கு கொடுத்த பிறகு அவனுக்குக் காற்று மிச்சமில்லை. பேனா எழுதியவற்றில் அதுதான் சிறந்தது. ஒத்திகையில் அவளே வசனத்தைப் படிக்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

லிஃப்டுக்கு மூன்று பக்கம் பலகைச் சுவர், முன்பக்கம் இரும்பு வலைக் கதவு. நடிக்கும்போது திறந்துகொள்ளக் கூடாது என்று வெளியே தாழ்ப்பாள். லிஃப்ட் குலுங்கும்போது மேலேயிருந்து காரை உதிர்வதுபோல் தூசி கொட்டினால் நன்றாக இருக்கும் என்று ஒரு யோசனை வந்தது. முகப் பவுடரை மாவுச் சல்லடையில் போட்டு, பின்னால் ஏணியில் நின்று சலிப்பது. எல்லோருக்கும் பிடித்திருந்தது. பவுடர் வீணாகும் என்று ஒத்திகையில் வெறும் சல்லடையை ஆட்டிப் பார்த்தோம். ஏணியில் நிற்கிற வேலையைப் பேனாவே எடுத்துக்கொண்டாள். அவள் எழுதிய நாடகத்துக்கு அவளே தூசி போட வேண்டும் என்று அடம்பிடித்தாள்.

யோசனை என்னுடையது.

தம்பி கொஞ்சம் தயங்கினான். யாரும் இல்லாதபோது என்னிடம் வந்து, "தூசி வேணுமாண்ணா?" என்று கேட்டான். அது இருந்தால்தான் துணைவேந்தர் சிரிப்பார் என்றேன், அப்படித்தான் நினைத்தேன். "நான் இருக்கேன்ல. முடியலன்னா காதைப் பிடி." அவன் என் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அவனுக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை.

அன்றைய மாலை கலையரங்கத்தில் நிற்க இடமில்லை. ஜன்னல் கம்பிகளில்கூட ஆட்கள் தொற்றிக்கொண்டிருந்தார்கள். முதல் வரியிலிருந்தே காட்சி பிடித்துக்கொண்டது. எனக்கு வேலையே இல்லை. தூண் ஏப்பம் விட்டதற்கு இரட்டை அபராதம் கேட்ட இடத்தில் பேராசிரியர்கள் சிரித்தார்கள். துணைவேந்தர் மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் குலுங்கியது. மேலேயிருந்து வெள்ளையாக, அழகாக, பனிபோலத் தூசி இறங்கியது. விளக்கு வெளிச்சத்தில் அது மிதந்ததைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள்.

தம்பி இருமினான். அரங்கம் சிரித்தது, கணக்கர் மற்றவர்களின் காற்றைத் திருடுகிறார் என்று. அவன் வலைக் கதவைப் பிடித்தான். வாயைத் திறந்தான், வசனம் வரவில்லை. அதற்கும் லேசாகச் சிரிப்பு வந்து அடங்கியது. அவன் எதையாவது புதிதாகச் சேர்த்தால் குறுக்கே பேசக் கூடாது என்பது குழுவின் விதி. அதனால் பக்கத்தில் நின்ற தூண் காத்திருந்தான். எனக்கு முன்வரிசையில் ஒரு பேராசிரியை, "இந்தப் பையனுக்கு என்னமோ ஆகுது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அரங்கம் தீர்மானிக்காமல் நின்ற நேரம் அது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாய்ந்திருக்கும்.

அப்போது அவன் நேராக ஏழாவது வரிசையைப் பார்த்தான். கையைத் தூக்கி இடது காதைப் பிடித்துக்கொண்டான்.

நான் சிரித்தேன்.

நல்ல சிரிப்பு. கதவு திறந்து, மோட்டார் ஓடி, முன் நாற்காலியைத் தட்டிக்கொண்டு. அரங்கம் என்னோடு வந்துவிட்டது. ஏணி மேலிருந்து பேனா கேட்டிருப்பாள். விதிப்படி இன்னொரு கை போட்டாள். நான் மறுபடி சிரித்தேன். அவள் மறுபடி போட்டாள். அவன் காதை விடவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே, கம்பி வலையோடு சாய்ந்து மெதுவாக, மிக மெதுவாக, கீழே சரிந்து உட்கார்ந்தான். அந்த முகம் அதற்குமுன் போகாத பக்கமெல்லாம் போனது. நான் எழுந்தேன். எழுந்து கைதட்டினேன். என்னைப் பார்த்து எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அவ்வளவு பேர் எழுந்து நின்ற பிறகு நடைபாதையில் யாரும் போக முடியாது.

இதை மறக்காமல் எழுதுங்கள்: துணைவேந்தர் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, தோள் குலுங்கச் சிரித்தார். என் தம்பி எங்கள் சபதத்தை நிறைவேற்றிக் கொடுத்தான்.

திரை விழுந்ததும் உள்ளேயிருந்து கதவை முட்டித் தாழ்ப்பாளைப் பெயர்த்துத் திறந்தவன் தூண்தான். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டான். இன்ஹேலர் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே எங்கள் குடும்பத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது. சிரிக்க வைத்துக்கொண்டே போனான், கலைஞனுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று ஊரே பேசியது. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அவனுக்கு நான் அதைத்தான் கொடுத்தேன்.

இரங்கல் கூட்டத்தில் தூண் பேச எழுந்தான். பேச்சு வரவில்லை. அழுதுகொண்டே, ரப்பர் கடைசியாகச் செய்ததை, எல்லோரையும் எழுந்து நிற்க வைத்த அந்த வேடிக்கையை, அவனும் செய்தான்: இடது காதைப் பிடித்துக்கொண்டு நின்றான். அரங்கில் இருந்த அத்தனை பேரும் ஒவ்வொருவராக எழுந்து காதைப் பிடித்துக்கொண்டார்கள். நானும் பிடித்தேன். பிடிக்காமல் நின்றால் நன்றாக இருக்காது. உங்கள் வழக்கம் பிறந்த இடம் அதுதான்.

அம்மா மட்டும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் காதைப் பிடித்துக்கொண்டு நின்ற கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவன் காதைப் பிடிச்சானா?"

"எனக்குச் சரியாத் தெரியலம்மா," என்றேன்.

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. அதன்பிறகு என் கையால் கொடுத்த எதையும் வாங்கிச் சாப்பிடவும் இல்லை; தண்ணீர்கூடத் தானே எழுந்துபோய் எடுத்துக்கொள்வார். பெற்ற பிள்ளை போன துக்கத்தில் தாய்மார்களுக்கு இப்படியெல்லாம் பழக்கங்கள் மாறிவிடும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். கடைசிவரை அவருக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

பேனாவின் நிலைதான் மோசம். மூச்சிரைப்பு என்று மருத்துவமனையில் சொன்னதுமே அவளுக்குச் சல்லடை நினைவுக்கு வந்துவிட்டது. "நான்தான்ணா கொன்னுட்டேன். என் கையால கொட்டிக் கொட்டிக் கொன்னுட்டேன்." மாதக்கணக்கில் இதேதான். சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை, கொண்டையில் பேனா இல்லை. நான் தினமும் போய் அவள் எதிரில் உட்காருவேன். உன்மேல் தப்பில்லை, உனக்குத் தெரியாது, நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்பேன். செத்தவனின் அண்ணனே மன்னிக்கிறான் என்றால் அதற்கு ஒரு கனம் இருக்கிறது அல்லவா? மெல்ல மெல்லத் தேறினாள். என்னைத் தவிர யார் முகத்தையும் பார்க்க அவளால் முடியவில்லை. எங்கள் கல்யாணம் எளிமையாக நடந்தது. அண்ணா என்று கூப்பிடுவதை விடத்தான் அவளுக்கு நாளாயிற்று. கல்யாணத்துக்குப் பிறகும் சில சமயம் வாய் தவறி வந்துவிடும், பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வாள். அது வெறும் மரியாதைச் சொல்தானே, அதில் ஒன்றுமில்லை என்பேன்.

நல்ல வாழ்க்கை. அவள் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனால் சமையலறையில் வேடிக்கையாகப் பேசுவாள். வீட்டுக்கு முகப் பவுடர் வாங்குவதில்லை. மாவு சலிக்கிற வேலை என்னுடையது. இன்றைக்கும் திடீரென்று கண் கலங்கினால், நான் அவள் கையைப் பிடித்து, மன்னித்துவிட்டேன் என்று சொல்வேன். அவளுக்கு அது தேவைப்படுகிறது. நன்றியோடு பார்ப்பாள். எத்தனை கணவன்மார்களுக்கு அப்படி ஒரு பார்வை கிடைக்கும்?

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. யோசித்துப் பாருங்கள். சொன்னால் அவள் மனம் எவ்வளவு பாடுபடும்? இந்த வயதில் அவளுக்கு அந்த வேதனை எதற்கு? நான் சுமந்துகொள்கிறேன் என்று விட்டுவிட்டேன். நீங்கள் எழுதுவதானால் எழுதுங்கள். எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் முதல் பிரதியை அவளிடம்தான் கொடுப்பீர்கள் இல்லையா, அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேநீர் ஆறிவிட்டது. நீங்கள் தொடவே இல்லையே.

பொன்விழாவில் 'லிஃப்டை' மறுபடி போடும்போது நான் ஏழாவது வரிசையில் உட்கார்ந்து முதல் சிரிப்பைத் தொடங்கி வைக்க வேண்டும் என்று உங்கள் குழுவினர் கேட்டிருக்கிறார்கள். வருவேன் என்று சொல்லுங்கள். தூசிக்குப் பவுடர் வேண்டாம், புகை போட்டுக்கொள்ளுங்கள். நடிக்கிற பிள்ளைகளில் யாருக்காவது மூச்சுத் தொல்லை இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். கவனமாக இருப்பது நல்லது. அவளும் மேடையில் உங்களோடு நின்று காதைப் பிடித்துக்கொள்வாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது, அவள்தான். கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள், என்னமோ ஏதோ என்று பயந்துவிடுவாள்.

போவதற்குள் ஒரு திருத்தம். அன்று நான் சிரித்தது பழக்கத்தால் என்றுதான் இத்தனை வருடங்களாக எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன்; ஏழாவது வரிசை, முதல் சிரிப்பு, வேலை. போன வாரம் உங்கள் ஒத்திகைக்கு வந்தேனே, கணக்கராக நடிக்கிற பையன் காதைப் பிடித்தபோது யாரும் கேட்காமலே எனக்குச் சிரிப்பு வந்தது; அடக்க முடியாமல் வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கே நின்றபோதுதான் ஞாபகம் வந்தது. இதே சிரிப்புத்தான் அன்றும். என் தம்பி எனக்குச் சிரிப்பு மூட்டியது அந்த ஒரு தடவைதான்.